பாடத்தைக் கைவிடும் முன் ஒரு கதவைத் தட்டுங்கள்

2025 ஏப்ரல் மாதத்தை அமெரிக்காவில் படிக்கும் அனைத்துலக மாணவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். 'செவிஸ்' என்னும் மத்திய அரசின் மாணவர் பதிவகத்தில் ஆயிரக்கணக்கானோரின் பதிவுகள் சில வாரங்களுக்குள் ரத்தாகின. பலருக்கு முன்னறிவிப்பு எதுவும் வரவில்லை. என்றோ தள்ளுபடியான வழக்கு, சாதாரணப் போக்குவரத்துக் குற்றம் போன்றவற்றுக்காகக்கூட பெயர்கள் நீக்கப்பட்டன. நாடு முழுவதும் மாணவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். ஏப்ரல் 25ஆம் தேதி, நீக்கிய பதிவுகளை மீண்டும் சேர்ப்பதாக அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் கூறியது. மே 27ஆம் தேதி புதிய மாணவர் விசா நேர்காணல்களுக்கு நேரம் ஒதுக்குவது நிறுத்தப்பட்டது. ஜூன் 18ஆம் தேதி அது மீண்டும் தொடங்கியபோது, விண்ணப்பதாரர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்து வந்தது.

நான் மினசோட்டா மாநிலத்தில் படித்துவிட்டுத் திரும்பியவள். அந்த வாரங்களில் அங்கே இருக்கும் நம் மாணவர்கள் சிலர் எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார்கள். வழக்குகளைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்தேன். கேட்டவர்கள் குறைவு. ஒரு தங்கை, "அக்கா, கவுன்சலிங் போனால் விசாவுக்குப் பிரச்சினை வருமா?" என்று கேட்டாள். இன்னொரு தம்பி மூன்று வாரமாக வகுப்புக்கே போகவில்லை. "இப்போது அனைத்துலக மாணவர் அலுவலகத்துக்குப் போனால் என்னைப் பிடித்துக் கொடுத்துவிடுவார்களா?" என்பது அவனுடைய கேள்வி.

இந்த இரண்டு கேள்விகள்தான் என்னை எழுத வைத்தன. செய்தியில் வரும் ஆபத்து உண்மையானது. ஆனால் வெளிநாட்டில் படிக்கும் நம் மாணவர்களில் பெரும்பாலோர் தகுதியை இழப்பது அதிகாரி வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவதால் அல்ல. உடம்புக்கோ மனதுக்கோ முடியாமல் போகிறது, அதை யாரிடமும் சொல்லாமல் இருக்கிறார்கள், அந்த மௌனத்தில் ஒரு விதி மீறப்பட்டுவிடுகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடப்பிதழில் ஒட்டப்படும் விசா வேறு, அமெரிக்காவில் 'ஸ்டேட்டஸ்' என்று சொல்லும் குடிநுழைவுத் தகுதி வேறு. விசா என்பது நாட்டின் வாசலில் காட்டும் சீட்டு. உள்ளே போன பிறகு அது காலாவதியானாலும் குற்றமில்லை; வெளியே போய்த் திரும்பி வரும்போதுதான் புதியது தேவைப்படும். தகுதி அப்படியல்ல, அதை நாள்தோறும் காப்பாற்ற வேண்டும். எஃப்-1 விசாவில் இளங்கலை படிப்பவர் ஒவ்வொரு செமஸ்டரிலும் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் இணையவழிப் பாடம் ஒன்றுதான் சேரும். வீடு மாறினால் 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வளாகத்துக்குள் வேலை என்றால் செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான். ஐ-20 என்ற படிவத்தில் உள்ள படிப்பு முடியும் தேதியைத் தாண்டக்கூடாது. என் அம்மா கடப்பிதழில் விசா ஸ்டிக்கரின் தேதியைத்தான் பார்த்துப் பார்த்துக் கவலைப்படுவார். ஐ-20 என் மேசை இழுப்பறையில் கிடந்தது. உண்மையில் கவலைப்பட வேண்டிய தேதி அதில்தான் இருந்தது.

இந்த விதிகளில் மனநலத்தோடு நேராக மோதுவது 12 கிரெடிட் விதி. மனம் தளர்ந்த மாணவர் முதலில் செய்வது பாரத்தைக் குறைப்பதுதான். ஐந்து பாடத்தில் இரண்டை விட்டுவிட்டால் மூச்சு விடலாம் என்று தோன்றும். உள்ளூர் மாணவர் அப்படிச் செய்தால் இழப்பு கட்டணமும் ஒரு செமஸ்டரும்தான். நாம் அதையே அனுமதி இல்லாமல் செய்தால், கணினியில் ஒரு பொத்தானை அழுத்திய அந்த நிமிடத்தில் தகுதி போய்விடுகிறது.

எனக்கு இது படித்துத் தெரிந்ததல்ல. ஏடிபி வழியில் இரண்டு ஆண்டு இங்கே படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டுக்கு ஆகஸ்டு மாதம் மினசோட்டா போனேன். ஐந்து பாடம், 15 கிரெடிட். அக்டோபர் வரை ஒன்றும் தெரியவில்லை. அந்த ஆண்டு தீபாவளியன்று எனக்கு இடைத்தேர்வு. எழுதிவிட்டு வந்து அறையில் மேகி மீ சமைத்துச் சாப்பிட்டேன். நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். அதன் பிறகு மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். வீட்டுக்கும் எனக்கும் 14 மணி நேர வித்தியாசம். நான் பேச நினைக்கும் நேரத்தில் வீட்டில் எல்லாரும் வேலையில் இருப்பார்கள். காலையில் எழ முடியவில்லை. அலாரம் அடித்ததும் அதை நிறுத்திவிட்டு மதியம் இரண்டு மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். சோம்பல் என்றுதான் நினைத்தேன். நம் வீடுகளில் அதற்கு வேறு பெயர் ஏது?

பாடத்தைக் கைவிடுவதற்கான கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன், இரவு பதினொரு மணிக்கு, கணக்கியல், புள்ளியியல் இரண்டையும் விட்டுவிட முடிவு செய்தேன். பக்கத்தைத் திறந்தும் விட்டேன். எதற்கும் சொல்லிவைப்போம் என்று தைப்பிங்கைச் சேர்ந்த ஓர் அக்காவுக்கு எழுதினேன். அவர் அங்கே முனைவர் பட்டம் படித்துக்கொண்டிருந்தார். உடனே தொலைபேசியில் அழைத்தார். "எதையும் அழுத்தாதே. நாளைக்குக் காலையில் நானே உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன்."

மறுநாள்தான் 'ரெடியூஸ்ட் கோர்ஸ் லோட்' என்ற சொல்லைக் கேள்விப்பட்டேன். பாடச்சுமைக் குறைப்பு என்று சொல்லலாம். அனைத்துலக மாணவர் அலுவலகத்தில் டிஎஸ்ஓ என்னும் பொறுப்பதிகாரி இருப்பார். நோய் காரணமாக முழுச் சுமையையும் தாங்க முடியாத மாணவருக்குப் பாடத்தைக் குறைத்துக்கொள்ள அவர் அனுமதி தரலாம். தேவைப்பட்டால் ஒரு செமஸ்டர் பாடமே எடுக்காமல் இருக்கவும் அனுமதிக்கலாம். அதற்கு உரிமம் பெற்ற மருத்துவர் அல்லது மருத்துவ உளவியலாளரின் கடிதம் வேண்டும். மனச்சோர்வும் நோய்தான். ஒரு பட்டப்படிப்புக்கு மொத்தம் 12 மாதம் வரை இந்தச் சலுகை கிடைக்கும். நோய் இல்லாமல், மொழிச் சிக்கலாலோ அமெரிக்கக் கற்பித்தல் முறை பிடிபடாததாலோ தடுமாறுபவருக்கும் ஒரு வாய்ப்பு உண்டு; அது ஒரே ஒரு முறைதான், அப்போதும் பாதிப் பாடங்களையாவது எடுத்தாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை: அனுமதி முன்னால் வர வேண்டும், பாடத்தை விடுவது பின்னால். வரிசை மாறினால், அதே நோய்க்கு அதே மருத்துவர் கடிதம் கொடுத்தாலும் அது விதிமீறல்தான்.

மாணவர் மருந்தகத்தில் மருத்துவர் அரை மணி நேரம் பேசினார். கடிதம் தந்தார். பாடச்சுமையைக் குறைக்கப் பரிந்துரைக்கிறேன், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று இரண்டே வரி. நோயின் பெயர் அதில் இல்லை. எங்கள் அலுவலகப் படிவம் அதைக் கேட்கவும் இல்லை. மறுநாள் மாலைக்குள் அனுமதி வந்தது. அதன் பிறகுதான் அந்தப் பொத்தானை அழுத்தினேன். ஒன்பது கிரெடிட்டோடு அந்த செமஸ்டரை முடித்தேன்.

எங்கள் விடுதியில் அதே மாடியில் இருந்த ஒரு மாணவருக்கு அப்படி ஓர் அக்கா இல்லை. பெயரும் நாடும் வேண்டாம். அவரும் அதே நவம்பரில்தான் பாடங்களை விட்டார். ஜனவரியில் அலுவலகம் அவரைக் கூப்பிட்டபோது நிலைமை கைமீறியிருந்தது. தகுதியை மீட்க விண்ணப்பிக்கலாம், அதற்கு ஐ-539 என்ற படிவம் இருக்கிறது, பொதுவாக ஐந்து மாதத்துக்குள் போட வேண்டும். தவறு தன் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் நடந்தது என்று அதில் நிறுவ வேண்டும். முடிவு வரும்வரை வேலை செய்ய முடியாது, ஊருக்குப் போய் வரவும் முடியாது. ஏற்கனவே மனம் உடைந்த ஒருவரை இப்படிக் காத்திருக்கச் சொன்னால் எத்தனை நாள் தாங்குவார்? மார்ச்சில் அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கள் இருவருக்கும் இருந்த வித்தியாசம் அறிவோ ஒழுக்கமோ அல்ல. ஒரு தொலைபேசி அழைப்பு.

இனி அந்தத் தங்கையின் கேள்விக்கு வருகிறேன். கவுன்சலிங் போவது விசாவைப் பாதிக்குமா? பல்கலைக்கழக ஆலோசகரிடம் நீங்கள் பேசுவது செவிஸில் பதிவாவதில்லை. உயிருக்கு ஆபத்து என்ற நிலை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, ஆலோசகர் அதை வெளியே சொல்லக்கூடாது. பாடச்சுமைக் குறைப்பு வாங்கினால் 'மருத்துவக் காரணம்' என்ற வகை மட்டும் பதிவாகும், அவ்வளவுதான். விசா விண்ணப்பப் படிவத்தில் மனநலம் பற்றி ஒரு கேள்வி உண்டு என்பது உண்மை. ஆனால் அது உங்களுக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடிய கோளாறு உண்டா என்றுதான் கேட்கிறது. நீங்கள் ஆலோசகரைப் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை.

தம்பியின் கேள்வி கடினமானது. டிஎஸ்ஓ பல்கலைக்கழக ஊழியர்தான், குடிநுழைவு அதிகாரி அல்ல. ஆனால் உதவுவதும் அவர் வேலை, அரசுக்குத் தகவல் கொடுப்பதும் அவர் வேலை. பாடம் 12 கிரெடிட்டுக்குக் கீழே போய்விட்டது என்று தெரிந்தால் அவர் அதைப் பதிவு செய்தாக வேண்டும். இந்த அமைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆறுதல் சொல்பவரும் அறிக்கை எழுதுபவரும் ஒரே ஆளாக இருந்தால் பயந்த மாணவர் எப்படி வாய் திறப்பார்? 2025 ஏப்ரல் நிகழ்வுகள் செய்த பெரிய கேடு இதுதான் என்று நினைக்கிறேன். நீக்கப்பட்ட பதிவுகள் திரும்பி வந்தன. அந்த அலுவலகத்தின் மேல் இருந்த நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. ஆனாலும் தம்பியிடம் போகத்தான் சொன்னேன். வகுப்புக்குப் போகாதது மட்டும்தான் இதுவரை நடந்திருந்தது. பாடத்தைக் கைவிடவில்லை, அவன் பதிவில் இன்னும் 14 கிரெடிட் இருந்தது. அனுமதி வாங்க இன்னும் நேரம் இருந்தது. விதி மீறிய பிறகு அதே அறைக்குள் போனால் அவர் செய்யக்கூடியது மிகக் குறைவு.

நம்மில் அதிகம் பேர் போவது அமெரிக்காவுக்கு அல்ல, ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும்தான். அங்கேயும் இதே கதை வேறு உடையில் நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் 'கருணைக்குரிய அல்லது தவிர்க்க முடியாத சூழ்நிலை' என்று ஒரு பிரிவு இருக்கிறது. மருத்துவச் சான்றோடு கடும் நோய், நெருங்கிய உறவினரின் மரணம் போன்றவை அதில் அடங்கும். அதைக் காட்டிப் பாடத்தைக் குறைக்கலாம், படிப்பைத் தள்ளிப்போடலாம். படிப்பில் முன்னேற்றம் இல்லை என்று பல்கலைக்கழகம் அரசுக்குத் தெரிவிக்க நினைத்தால் முதலில் உங்களுக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். மேல்முறையீடு செய்ய 20 வேலை நாள் உண்டு. அந்த மின்னஞ்சலைத் திறக்கப் பயந்து, திறக்காமலே அந்த 20 நாளையும் கழித்தவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் மேல் குறை இருந்தால் 2025 பிப்ரவரி முதல் இயங்கும் தேசிய மாணவர் குறைதீர்ப்பாளரிடமும் போகலாம், கட்டணம் இல்லை.

பிரிட்டனில் கதவு இன்னும் குறுகலானது. உடல்நலக் காரணத்துக்காகப் பல்கலைக்கழகம் விடுப்பு தரலாம், ஆனால் 60 நாளுக்கு மேல் போனால் பொதுவாக விசா ஆதரவை விலக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். மாணவர் ஊருக்குத் திரும்பி, குணமான பின் புதிதாக விசா எடுத்துத்தான் போக முடியும். ஆறுதலான ஒன்று: விசா எடுக்கும்போதே ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டிவிடுகிறோம். அதனால் அங்குள்ள பொது மருத்துவரைப் பார்க்கத் தனியாகப் பணம் கிடையாது. கட்டிய பணத்தைப் பயன்படுத்தாமல், போய்ச் சேர்ந்து ஓராண்டாகியும் மருந்தகத்தில் பெயரைப் பதியாத நம் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பணமும் இதில் புகுந்துவிடுகிறது. ஆஸ்திரேலிய மாணவர் விசாவுக்கான கட்டணம் 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆகவும், 2025 ஜூலையில் 2,000 ஆகவும் ஏறியது. செலவு ஏறும்போது வேலை நேரமும் ஏறத்தான் பார்க்கும். அங்கே 2023 ஜூலை 1 முதல் பாடம் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது வரம்பு. பலர் இதைத் தவறாகக் கணக்கிடுகிறார்கள். எந்தத் திங்கட்கிழமையிலிருந்து எண்ணினாலும் அடுத்த 14 நாளில் 48ஐத் தாண்டக்கூடாது. முதல் வாரம் 20, இரண்டாம் வாரம் 28, மூன்றாம் வாரமும் 28 என்று செய்தால், முதல் இரண்டு வாரமும் சேர்ந்து 48, சரி. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் 56. விதி மீறியாயிற்று. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்கு வாரம் 20 மணி. இந்த வாரம் 10 செய்துவிட்டு அடுத்த வாரம் 30 செய்ய முடியாது. இரவு வேலை, காலையில் தூக்கம், வகுப்புக்கு மட்டம், பாடத்தில் தோல்வி என்று மனமும் தகுதியும் ஒரே சறுக்கலில் போகின்றன.

வெளிநாடு போகாதவர்களுக்கும் ஒன்று. உங்கள் பல்கலைக்கழகத்தில் பக்கத்து நாற்காலியில் இருக்கும் வங்காளதேச, இந்தோனேசிய மாணவருக்கு நம் நாட்டிலும் இதே நிலைதான். மாணவர் அனுமதியைப் புதுப்பிக்க 80 விழுக்காடு வகுப்பு வருகையும் 2.0 சராசரிப் புள்ளியும் வேண்டும். அவர் இரண்டு வாரமாக வரவில்லை என்றால் ஒரு செய்தி அனுப்புங்கள்.

திரும்பவும் அமெரிக்காவுக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கே ஒரு மாற்றம் முன்வைக்கப்பட்டுள்ளது. இப்போதைய முறையில் எஃப்-1 மாணவர் படிப்பு முடியும்வரை தங்கலாம். நோயால் தாமதமானால், ஐ-20 முடிவதற்கு முன் கேட்டால் டிஎஸ்ஓவே தேதியை நீட்டித்துத் தரலாம். 2025 ஆகஸ்டு 28ஆம் தேதி உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட முன்மொழிவு, தங்கும் காலத்தை அதிகபட்சம் நான்கு ஆண்டு என்று வரையறுக்கச் சொல்கிறது. அதற்கு மேல் வேண்டுமானால் குடிநுழைவுத் துறையிடமே விண்ணப்பிக்க வேண்டும். படிப்பு முடிந்த பின் கிடைக்கும் 60 நாள் அவகாசமும் 30 ஆகக் குறையும். காகிதத்தில் இது நிர்வாக மாற்றம் போலத் தெரியும். ஆனால் ஒரு செமஸ்டரை நோய்க்குப் பறிகொடுத்த மாணவர் தன்னைத் தெரிந்த அதிகாரியிடம் கேட்பதற்குப் பதில், தன்னைப் பார்த்தே இராத அலுவலகத்துக்குக் கட்டணம் கட்டிக் காத்திருக்க வேண்டும். 'ஓய்வு எடுத்தால் மாட்டிக்கொள்வோம்' என்று இன்னும் பலர் வாயை மூடிக்கொள்வார்கள் என்பதுதான் என் அச்சம்.

வாயை மூடிக்கொள்வதில் நம் வீடுகளுக்கும் பங்கு உண்டு. இபிஎஃப் பணத்தை எடுத்து, நகையை அடகு வைத்து அனுப்பியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் "நல்லா இருக்கேன்மா" என்பதைத் தவிர வேறு எதைச் சொல்வது? நானும் ஆறு வாரம் அதைத்தான் சொன்னேன். அனுமதி கைக்கு வந்த பிறகுதான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எவ்வளவு லேட்டாகும்?" என்றார். ஒரு செமஸ்டர் என்றேன். "ஒரு செமஸ்டர்தானே? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். சாப்பிட்டியா?" என்றார். ஆறு வாரம் நான் பயந்தது இந்த உரையாடலுக்கு.

இரவில் தாங்க முடியாமல் போனால் அமெரிக்காவில் 988, ஆஸ்திரேலியாவில் 13 11 14, பிரிட்டனில் 116 123. இங்கே இருப்பவர்களுக்குப் பிஃபிரெண்டர்ஸ் 03-7627 2929. இந்த எண்களில் யாரும் உங்கள் விசாவைக் கேட்க மாட்டார்கள்.

மே மாதம் நடக்க வேண்டிய என் பட்டமளிப்பு டிசம்பரில் நடந்தது. அம்மா வந்திருந்தார். சேலைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் அந்தத் தைப்பிங் அக்காவின் கனத்த கோட்டு. மண்டபத்துக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. "இந்தக் குளிர்லயா நீ இருந்த?" என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார்.